ஓரத்தில் நின்ற நாலாவது ஆள்

5

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற மாதிரி அந்தப் போட்டோவை மேசை மேல் போட்டாள் அபிதகுசாம்பாள்.

"பாருங்க சார். இதுக்கு மேல துப்பறியறதுக்கு இன்னா இருக்குது?"

வேலூரிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த துப்பறியும் ஜெயச்சந்திரன் அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். அவருடைய உதவியாளன் பவுல்துரை அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பவுல்துரை களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கி வளர்ந்தவன். ஒரு ஆள் நிற்கிற நிலையைப் பார்த்தே அவன் எந்தத் தோளில் மூட்டை சுமக்கிறவன் என்று சொல்லிவிடுவான். அந்தத் திறமை இதுவரை ஒரு கேஸுக்கும் உதவியதில்லை.

"அப்புறம் எதுக்கும்மா எங்கள வரச் சொன்னீங்க?" என்றான் பவுல்துரை.

"திருடன் யாருன்னு கண்டுபிடிக்கறதுக்கு இல்ல. அத நானே முடிச்சிட்டேன். அட்டைய அவன் எப்படி வந்தவாசிக்குக் கடத்தினான், அத மட்டும் சொல்லுங்க. போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

அபிதகுசாம்பாள் புருஷன் போன பிறகு தனி ஆளாக ஆரணியில் பட்டு ஜவுளி நடத்துகிறவள். தெருவுக்கு நாலு வீட்டில் அவள் தறிதான் ஓடும். தீபாவளிக்கென்று புதிதாக ஒரு பார்டர் டிசைன் போட்டு, தறியில் அந்த டிசைனை விழவைக்கிற துளை போட்ட அட்டைகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். மாதிரிக்கு ஒரு சேலை நெய்ய மாணிக்கவேல் என்ற நெசவாளியிடம் மட்டும் அதைக் கொடுத்தாள். நெய்து முடித்து அட்டை பெட்டிக்குத் திரும்பி வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஆகாத வந்தவாசி எல்லப்பனின் கடைக் கண்ணாடிக்குள் அதே பார்டர் தொங்கியது. அடுத்த வாரம் அவளுடைய கடை ஷட்டருக்கு அடியில் யாரோ இந்தப் போட்டோவைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் எல்லப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய மச்சான் நின்றார். வலது ஓரத்தில், கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, மாணிக்கவேல்.

அன்றைக்கே அவள் மாணிக்கவேல் தறியில் நெய்ய ஏற்றியிருந்த பாவு நூலைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மற்ற முதலாளிகளுக்கும் சொல்லி அனுப்பினாள். ஆரணியில் பாவு கொடுக்க ஆளில்லாத நெசவாளியும் கட்டை வண்டி இல்லாத மாடும் ஒன்று. தின்னலாம், கிடைத்தால்.

"போட்டோவ முதல்ல பாத்தது யாரு?" ஜெயச்சந்திரன் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் கணக்குப்பிள்ளை தசரதன், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "கடை தொறக்கறப்ப காலுல மாட்டுச்சு."

பவுல்துரை தசரதனின் காலைப் பார்த்தான். குதிகால் வெடித்த சாதாரணக் கால்தான். ஆனாலும் அவன் மனதுக்குள் வழக்கை முடித்து, தசரதனுக்கு விலங்கு மாட்டிவிட்டான்.

அபிதகுசாம்பாளின் மகன் ராமதாஸ் காபி கொண்டுவந்து வைத்தான். இருபத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சட்டைப் பையில் சீப்பு.

"சார், சர்க்கரை சரியா இருக்குதா பாருங்க" என்றான் மரியாதையாக.

ஜெயச்சந்திரன் காபியைத் தொடவில்லை. "அம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல மூணு பேரா நின்னு போட்டோ எடுத்துக்கினு இருக்கீங்களா?"

அபிதகுசாம்பாள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாயக் கழுவுங்க சார்! மூணு பேரா நின்னா ஒருத்தர் போய்ச் சேந்துருவாங்கன்னு தெரியாதா? எங்க வீட்டுல இன்னா, இந்த ஊர்ல எவனும் நிக்க மாட்டான்."

"எல்லப்பன் எப்படி? சகுனம் பாப்பாரா?"

"அவனா? பூனை குறுக்க போனா காரை ரிவர்ஸ்லயே ஓட்டிக்கினு வீட்டுக்குப் போறவன்."

"இந்தப் படத்துல எத்தினி பேருன்னு எண்ணிப் பாருங்க."

அவள் எண்ணினாள். எண்ணுவதற்கு அதிகம் இல்லை. இருந்தாலும் இரண்டாம் தடவையும் எண்ணினாள். தசரதனும் எழுந்து வந்து விரலை வைத்து எண்ணினார், ஒருவேளை முதலாளியம்மா தவறவிட்டிருந்தால் என்று.

"இப்பல்லாம் யார் சார் அதப் பாக்கறாங்க?" என்று சிரித்தான் ராமதாஸ். "காலம் மாறிப்போச்சு."

"மாறியிருக்கலாம் தம்பி. எல்லப்பன் மாறலியே." ஜெயச்சந்திரன் போட்டோவைக் கைக்குட்டையில் சுற்றினார். "இந்தப் படத்துல நாலு பேர் இருந்திருக்காங்க. ஒருத்தர அழகா வெட்டி எடுத்துட்டாங்க. சந்தேகம் வரக்கூடாதுன்னு நாலு பக்கமும் கத்தரி வெச்சிருக்காங்க. ஆனா வெட்டினவரு எண்ணிப் பாக்க மறந்துட்டாரு."

வாசலுக்கு வந்ததும் பவுல்துரை சொன்னான். "தசரதன்தான் சார். வெட்டின ஆளே கொண்டாந்து குடுத்துட்டு, கால்ல மாட்டுச்சுன்றான்."

"ஏன் அவருன்ற?"

"காபி குடிக்கல சார் அவரு. எல்லாரும் குடிச்சாங்க."

"நானும்தான் குடிக்கல."

"உங்க மேலயும் ஒரு கண்ணு வெச்சிருக்கறேன் சார்."

மாணிக்கவேலின் வீடு கடைக்கோடித் தெருவில், சவரிராஜ் போட்டோ ஸ்டூடியோவுக்கு நேர் எதிரில். தெரு நீளத்துக்குக் கம்பு நட்டு, யாரோ ஒருவரின் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, ஐந்தாறு பேர் குனிந்து அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாவைத் தாண்டக் கூடாது. பவுல்துரை அதன் முனை வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தான். ஜெயச்சந்திரனும் மறுபேச்சில்லாமல் பின்னால் நடந்தார்.

உள்ளே குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான் மாணிக்கவேல். பாவு கழற்றிய தறி பல்லு கொட்டின வாய் மாதிரி திறந்து கிடந்தது. வேலை இல்லாத நேரத்திலும் அவனுக்கு உட்கார வேறு இடம் தெரியவில்லை போலிருக்கிறது.

"வீட்டுல யாரும் இல்லீங்களா?" என்றான் பவுல்துரை.

"எம் பொண்டாட்டி செல்லியம்மா களம்பூர் மில்லுக்குப் போயிகினு இருக்கறா. நெல்லு காயப் போடற வேலைக்கு. சாயங்காலம் பஸ்ல வருவா."

பவுல்துரைக்கு அந்த வேலை தெரியும். அவன் அம்மா செய்த வேலை அது. வெந்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெறுங்காலால் அளைந்துகொண்டே இருக்க வேண்டும். சிமெண்ட்டுச் சூடு ஒரு பக்கம், நெல்லுச் சூடு ஒரு பக்கம். அவன் வழக்கமாக அடிக்கிற நகைச்சுவையை விழுங்கிவிட்டு, சுவரைப் பார்த்தான்.

ஜெயச்சந்திரன் போட்டோவைக் காட்டினார். மாணிக்கவேல் அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"இதுவா? இதுக்கா எம் பாவப் புடுங்கினாங்க? மொதலாளியம்மா 'போட்டோ கீது, போட்டோ கீது'ன்னு கத்தினாங்களே தவிர காட்டலீங்க."

"இவங்க ரெண்டு பேரையும் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவங்களோட எதுக்குய்யா போட்டோ எடுத்துகின?" என்றான் பவுல்துரை.

மாணிக்கவேல் எதிர் ஸ்டூடியோவைக் கையால் காட்டினான். "சவரிராஜு அண்ணன் கடைக்கு மூணு பேரா வந்தாங்கன்னா, ஒருத்தர் கொறையுதுன்னு என்னைத்தான் கூப்புடுவாரு. நேர் எதிர்ல இருக்கறேன் பாருங்க. தெருவுல பாவு வேலை செஞ்சிகினு இருந்தாலும் 'மாணிக்கம், ஜல்தியா ஓடியா'ம்பாரு. போயி ஓரத்துல நிப்பேன். லைட்ட எரியவிட்டு ஒரு கிளிக்கு. திரும்பி வந்துருவேன்."

"ஓரத்துல எதுக்கு?"

"அப்பத்தான வீட்டுக்குப் போயி என்னை வெட்டி எறிய முடியும்? நடுவுல நின்னா எப்படி வெட்டுவாங்க?" அவன் அதில் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னான். "சில பேரு வெட்ட மறந்துருவாங்க. இந்த ஊர்ல பாதி வீட்டுச் செவுத்துல நான் நிக்கறேங்க. யாரோ ஒரு டீச்சரம்மா வீட்டுல எம் முழங்கை மட்டும் இருக்குது."

பவுல்துரை சிரிப்பை அடக்க இருமினான். "இந்த உத்தியோகத்துக்கு இன்னா கெடைக்கும்?"

"ஒரு டீ. பொறை பிஸ்கட்டு கேட்டா அதுவும் உண்டு."

ஜெயச்சந்திரன் சிரிக்கவில்லை. "அப்படின்னா அன்னைக்கு மூணு பேரு வந்திருக்காங்க. நீ நாலாவது. படத்துல நீ இருக்கற, இவங்க ரெண்டு பேரு இருக்காங்க. இன்னொருத்தரு யாரு?"

மாணிக்கவேல் யோசித்தான். "வெயில்லேருந்து உள்ள போனா கண்ணு தெரியாதுங்க. லைட்டு வேற மூஞ்சில அடிக்கும். இவங்க ரெண்டு பேரும் ரெடியா இருந்தாங்க. ஒருத்தரு கண்ணாடிகிட்ட நின்னு தலை வாரிகினு இருந்தாரு. முதுகுதான் தெரிஞ்சுது. அவரு வந்து அந்த ஓரத்துல நின்னப்போ நான் இந்த ஓரத்துல லென்ஸப் பாத்துகினு இருந்தேன். திரும்பினா சவரிராஜு அண்ணன் திட்டுவாரு."

"நாலு பேர் நிக்கற எடத்துல மூணாவது ஆளப் பாக்காத ஒரே மனுசன் நீதான்யா" என்றான் பவுல்துரை.

"நமக்கெதுக்குங்க? வெயில் ஏறினா பாவு காஞ்சிரும்."

சவரிராஜின் ஸ்டூடியோவில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைப் பார்த்துப் பவுல்துரை குழம்பிப்போனான். கல்யாண ஜோடி ஒன்றுகூட இல்லை. ஆற்று மணலில் சக்கரம் இறங்கிய லாரி, ஏரிக்கரையில் எருமை, குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்க ஆளுக்கு ஒரு மூலையில் சண்டை, தேர்த் திருவிழாவில் வடத்தை விட்டுவிட்டு ஐஸ் வாங்குகிறவன்.

"இதெல்லாம் யார் சார் வாங்குவாங்க?" என்றான்.

"யாரும் வாங்க மாட்டாங்க" என்றார் சவரிராஜ். ஒல்லியான மனிதர். கழுத்தில் சிலுவை, விரல் நுனிகளில் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர்க் கறை. "உள்ள எடுக்கறது வயித்துக்கு. வெளிய எடுக்கறது எனக்கு. எருமைய எதுக்குப் படம் புடிக்கறேன்னு என் சம்சாரம்கூடக் கேக்கறா. எருமை மட்டும்தான் இன்னும் கேக்கல."

ஜெயச்சந்திரன் போட்டோவை மேசையில் வைத்து, நாலாவது ஆள் யார் என்று நேராகவே கேட்டார்.

சவரிராஜின் முகம் ஷட்டர் போட்ட கடை மாதிரி ஆகிவிட்டது.

"சொல்ல மாட்டேன்."

"நெகட்டிவ்?"

"படம் எடுத்துகினவங்களே வாங்கிகினு போயிட்டாங்க. இருந்தாலும் காட்ட மாட்டேன்."

"மறைக்கறீங்களா?" என்றான் பவுல்துரை, போலீஸ்காரன் குரலில்.

"மறைக்கறதுதாங்க என் தொழிலு. பொண்ணு பாக்க, மாப்பிள்ளை பாக்க, அதுக்குன்னு படம் எடுக்க இங்க வராங்க. பத்துல ஏழு கூடாமப் போயிரும். இன்னார் இன்னாரோட வந்து நின்னாங்கன்னு நான் வாயத் தொறந்தா அந்தப் பொண்ணுக்கு அப்புறம் கல்யாணம் ஆவுமா? ஆரம்பத்துல ஒரு தடவ, எங்க சொந்தக்காரங்க கேட்டாங்கன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு இப்பவும் கோயிலுக்கு வருது. என்னைத் தாண்டித்தான் போவுது. இந்தக் கதவுக்கு உள்ள நின்னவங்க யாருன்னு அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நீங்க ஒரு டீ குடுத்து நிக்கவெச்ச ஆளுக்குப் பாவு போயிருச்சு. அவன் பொண்டாட்டி இப்ப களம்பூர்ல சுடுநெல்லு அளைஞ்சிகினு இருக்கறா. அது தெரியுமா உங்களுக்கு?" பவுல்துரையின் குரலில் இப்போது போலீஸ்காரன் இல்லை.

"தெரியும்." சவரிராஜ் தலை குனிந்துகொண்டார். "மொதலாளியம்மாகிட்டப் போயி, அவன் சும்மா நின்ன ஆளும்மான்னு சொன்னேன். 'அப்ப சும்மா நிக்காதவன் யாரு, சொல்லு'ன்னாங்க. வந்துட்டேன்."

ஜெயச்சந்திரன் அந்த எருமைப் படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"கதவுக்கு உள்ள நின்னவங்களப் பத்திச் சொல்ல மாட்டீங்க. நியாயம். கதவுக்கு வெளிய?"

சவரிராஜ் நிமிர்ந்தார்.

"தெருவுல எடுத்தது உங்களுதுன்னு இப்பத்தான சொன்னீங்க? அத யார் வேணா பாக்கலாமா?"

"அதப் பாக்கச் சொல்லித்தாங்க நான் ஊரக் கெஞ்சிகினு இருக்கறேன்." சவரிராஜின் முகத்தில் ஷட்டர் கொஞ்சம் மேலே ஏறியது. "பிலிம் ரோல்ல மிச்சம் இருந்தா சும்மா கழுவ மாட்டேன். வாசலுக்கு வந்து தெருவ ஒண்ணு எடுப்பேன். அன்னைக்கும் எடுத்தேன். பாவு நல்லா விழுந்துது, வெயில் நல்லா விழுந்துது. பெருசு பண்ணிப் பிரேம் போட்டேன்."

"எங்க அது?"

"பஸ் ஸ்டாண்டு சலூன்ல மாட்டியிருக்குது. முடி வெட்டிக்கறதுக்குப் பதிலா குடுத்தது."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வாசல் வரை வந்து, சலூனுக்குப் போகும் வழியைக் கை நீட்டிக் காட்டினார். கேட்காமலேயே இரண்டு தடவை காட்டினார்.

சலூனில் அந்தப் படம் நாற்காலிக்கு மேலே, கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கியது. நாற்காலியில் உட்காராமல் அதைக் கிட்டத்தில் பார்க்க வழியில்லை. சும்மா உட்கார சலூன்காரர் விடவில்லை.

"பவுலு, உனக்குத் தாடி இருக்குது" என்றார் ஜெயச்சந்திரன்.

"காலைலதான் சார் செரைச்சேன்."

"கேஸுக்காக."

பவுல்துரை உட்கார்ந்தான். வழவழவென்றிருந்த கன்னத்தில் சலூன்காரர் பொறுப்பாக சோப்பு போட்டார். கத்தியை வைத்து, எடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் எடுக்கத் தொடங்கினார். ஜெயச்சந்திரன் பூதக்கண்ணாடியோடு அவன் தலைக்கு மேலே சாய்ந்தார்.

நல்ல படம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டுப் பாவு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்திருந்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் ஆள் இல்லை. அந்த இடத்தை நோக்கி ஒருவன், இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூடியோ பக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தான்.

"மாணிக்கவேலு" என்றார் ஜெயச்சந்திரன்.

"வாய ஆட்டாதீங்க" என்றார் சலூன்காரர், வாயே திறக்காத பவுல்துரையைப் பார்த்து.

படத்தின் வலது பக்கம், பாவைத் தாண்ட முடியாமல் தெரு ஓரத்தில் நிறுத்தியிருந்த கருப்பு அம்பாசடர் கார். அதில் ஏறப்போகிறவர் எல்லப்பன். அதே கட்டம் போட்ட துண்டு, அதே முழுக்கைச் சட்டை. அவருக்குப் பின்னால் மச்சான். இவர்களுக்காக ஒரு இளைஞன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து நின்றான். வெயில் அவன் முகத்தில் நேராக விழுந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மின்னியது.

பவுல்துரை மேல்கண்ணால் பார்த்தான். கத்தி தொண்டையில் இருந்ததால் அவனால் கத்த முடியவில்லை.

"யாரப் பாக்கறீங்க சார்? இவரா?" சலூன்காரர் கத்தி முனையாலேயே காட்டினார். "நம்ம அபிதம்மா மவன், ராமதாஸு தம்பி. இதே நாற்காலிலதான் உக்காருவாரு. ரெண்டு மாசமா காணோம். வேற எங்கியோ வெட்டிக்கறாரு போலிருக்குது."

"இந்தப் படத்தப் பாத்ததுக்கப்புறம்தான் வர்றத நிறுத்தினாரா?" என்றார் ஜெயச்சந்திரன்.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தபடி யோசித்தார். "இத மாட்டினப்புறம் ஒரு தடவ வந்தாரு. தலைய வெட்டாமலே, வேலை இருக்குதுன்னு எழுந்து போயிட்டாரு. இந்தப் படத்தக்கூட வெலைக்குக் கேட்டாரு. நான் தரல. இத எடுத்துட்டா ஆணிக்குக் கீழ செவுத்து ஓட்டை தெரியும்."

பவுல்துரை கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான். "தசரதன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் சார்."

"அவருக்குத் தெரியாதே, நீ சந்தேகப்பட்டது."

"மனசுக்குள்ள விலங்கெல்லாம் மாட்டிட்டேன் சார். கழட்டணும்."

படத்தைச் சாயங்காலம் வரை இரவல் வாங்க, அந்த ஓட்டையை மறைக்க ஜெயச்சந்திரன் தன் பையிலிருந்த காலண்டர் அட்டையை விட்டுவர வேண்டியிருந்தது.

அபிதகுசாம்பாள் பிரேம் போட்ட படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். முதலில் பாவைப் பார்த்தாள். அவளால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. "நல்லாத்தான் இழுத்திருக்கான்" என்றாள். பிறகு ஓடுகிறவனைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே திரும்பி, "ராமு" என்று கூப்பிட்டாள். அவன் வந்தான். படத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த சீப்பில் கை போனது, அங்கேயே நின்றது.

"எல்லப்பனுக்குக் கார் கதவு தொறந்து உடற வேலைல எப்பப்பா சேந்த?" என்றாள் அவள்.

ராமதாஸ் சுவரில் சாய்ந்தான். "அம்மா, அவரு பொண்ணத் தர்றேன்னாரு. வீட்டுப் பொம்பளைங்களுக்கு மாப்பிள்ளையக் காட்டணும்னு ஒரு படம் எடுத்தோம், அவ்ளோதான். உங்கிட்ட அவரு பேரச் சொன்னாலே..."

"அட்டைய எப்பக் குடுத்த?"

"ஒரு ராத்திரிக்கு மட்டும்னு கேட்டாரு. கையில இன்னா வெச்சிருக்கற, பாக்கலாம்னாரு. சும்மா பாக்கறதுக்குன்னுதான் குடுத்தேன்."

"மாணிக்கவேலு?"

அவன் கண் கடை ஷட்டர் பக்கம் போனது. எல்லப்பன் கடைக் கண்ணாடியில் சேலை தொங்கினதும் அம்மாவின் பார்வை வீட்டுக்குள் திரும்பும் என்று தெரிந்து, தன்னிடமிருந்த பிரதியில் தன்னை வெட்டிவிட்டு, அதை ஷட்டருக்கு அடியில் தள்ளி, ஓரத்தில் நின்றவனை ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டான். மூணு பேராகிப்போனது அவன் தலையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் இன்னும் ஒருவனை வெட்டியிருப்பான்.

தசரதன் மெதுவாக எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்னு சொன்னீங்களேம்மா. பேரு மட்டும் மாத்திடலாமா?"

"நீ உன் வாய மூடு." அவள் எழுந்தாள். உள் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பாவோடு வந்தாள். மாணிக்கவேல் தறியிலிருந்து கழற்றிய அதே பாவு. அதை மகனின் தோளில் வைத்தாள்.

"நட."

"பின்பக்கமா போயிடலாம்மா. தெருவுல எல்லாரும்..."

"தெருவுலதான் போற."

அவர்கள் கடைக்கோடித் தெருவுக்கு வந்தபோது களம்பூர் பஸ் வந்துவிட்டிருந்தது. தோளில் பாவோடு முதலாளி வீட்டுப் பையன் நடந்து வருவதையும், அவனுக்குப் பின்னால் அவன் அம்மா வருவதையும் பார்த்து, தறிச் சத்தம் வீடு வீடாக நின்றுகொண்டே வந்தது. இந்தத் தெருவில் யார் யாருக்குப் பாவு சுமந்து போகிறார்கள் என்பதைவிடப் பெரிய செய்தி இல்லை.

மாணிக்கவேல் வாசலில் எழுந்து நின்றான். பாவைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தொடாத."

செல்லியம்மாள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து நடந்து வந்திருந்தாள். முடி, புருவம் எல்லாம் தவிடு. உள்ளங்கால் தரையில் முழுதாகப் படாமல் ஓரங்களில் நடந்து வந்தாள். பவுல்துரை அந்த நடையைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தன் செருப்புக்குத் திருப்பினான்.

"செல்லியம்மா" என்றாள் அபிதகுசாம்பாள். "தப்பு நடந்துபோச்சு. எடுத்து உள்ள வை."

"யாரு செஞ்ச தப்பும்மா?"

"அதான் நடந்துபோச்சுன்றேனே."

"எம் புருசன் திருடன்னு என்கிட்டயா வந்து சொன்னீங்க? தெருத்தெருவா சொல்லி அனுப்பினீங்க. மளிகைக் கடைக்காரன் உப்புக் குடுக்கறப்ப எங் கையத்தான் பாத்தான். இப்ப எங்காதுல வந்து சொல்லிட்டுப் போனா எப்படி?" அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவளுக்குத் தெம்பும் இல்லை. "அங்க சொன்னத அங்க சொல்லுங்க. அப்புறம் பாவ எறக்குங்க."

ராமதாஸின் தோள் நடுங்கத் தொடங்கியிருந்தது. பட்டு கனமில்லைதான். ஆனால் சுமந்து பழகாத தோள் என்று பவுல்துரைக்குத் தெரிந்தது.

அபிதகுசாம்பாள் தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தலை. ஒரு தலையும் உள்ளே போகிற மாதிரி இல்லை. அவள் மகனை ஒரு தடவை பார்த்தாள், மாணிக்கவேலைப் பார்க்கவில்லை. பிறகு பாவு பேரம் பேசுகிற குரலில், கடைசி வீடு வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாணிக்கவேலு திருடல. டிசைனக் குடுத்தது என் பையன். எல்லா மொதலாளிங்ககிட்டயும் நாளைக்கு நானே போயிச் சொல்றேன்."

எங்கோ ஒரு ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

செல்லியம்மாள் தலையை உதறினாள், தவிடு கொட்டியது. புருஷனிடம் சொன்னாள். "இன்னா பாத்துகினு இருக்கற? வாங்கி உள்ள வை. தம்பி தோளு கழண்டுரும்."

மாணிக்கவேல் பாவை இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனான். ஜெயச்சந்திரன் எதிர்ப்பக்கம் பார்த்தார். ஸ்டூடியோ வாசலில் சவரிராஜ் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் காமிரா தொங்கியது. அவர் அதை எடுக்கவில்லை.

"நாளைக்கு மில்லுக்கு லீவு போட்டுரலாம்க்கா" என்றான் பவுல்துரை.

செல்லியம்மாள் அவனை, இவன் யாருடா என்கிற மாதிரி பார்த்தாள்.

"பாவு வந்தா ஒலை கொதிச்சிருமா? அத தறில ஏத்தி, நெய்து, சேலைய அறுத்துக் குடுக்கற வரைக்கும் யாரு சோறு போடுவா, நீயா?" என்றாள். வாசல்படியில் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பி, கொப்புளம் பொத்துப்போயிருந்த இடத்தை ஊதிக்கொண்டாள். "காலைல மொத பஸ்ஸுக்கு எழுப்பி உடுன்னு அவருகிட்டச் சொல்லு."